குரோத் ஹார்மோன் ஊசி போட்டா தொப்பை குறையுமா? கொழுப்பு கரையும், ஆனா எடை இறங்காது... ஏன்?

ஜிம் பக்கம் போகிறவர்கள் ஹெச்.ஜி.ஹெச் என்ற பெயரைக் கட்டாயம் கேள்விப்பட்டிருப்பார்கள். மனித வளர்ச்சி ஹார்மோன், சுருக்கமாக குரோத் ஹார்மோன். 'தூங்கும்போதே கொழுப்பு கரையும்', 'பத்து வயசு குறைஞ்ச மாதிரி ஆகும்' என்றெல்லாம் ரீல்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. நாற்பதைத் தொட்டாச்சு, தொப்பையும் வந்தாச்சு, நடந்து பார்த்தும் குறையல என்று சலித்துப்போனவர்களுக்கு இது ஒரு குறுக்குவழி மாதிரித் தெரிவதில் ஆச்சரியமில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், விளம்பரம் சொல்வது முழுப் பொய் கிடையாது. இந்த ஹார்மோன் கொழுப்பைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் உடல் எடையைக் குறைக்காது. அதெப்படி ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்க முடியும்? பார்க்கலாம்.

வளர்ந்து முடிச்சவங்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் எதுக்கு?

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கிக்கொண்டிருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் இதைச் சுரக்கிறது. 191 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். குழந்தைகள் உயரமாக வளர இது வேண்டும். ஆனால் உயரம் நின்ற பிறகும் சுரப்பது நிற்பதில்லை. தசையும் எலும்பும் தேயாமல் பார்த்துக்கொள்வது, சேமித்து வைத்த கொழுப்பை எரிபொருளாக எடுத்துக் கொடுப்பது எல்லாம் பெரியவர்கள் உடம்பில் இதன் வேலை. கல்லீரலுக்குப் போய் ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனையும் சுரக்க வைக்கும். பாதி வேலை அதன் வழியாகத்தான் நடக்கிறது.

நாள் முழுக்க ஒரே சீராக இது சுரக்காது. விட்டு விட்டு அலை அலையாக வரும். இரவில் தூங்கிய முதல் சில மணி நேரத்தில், ஆழ்ந்த தூக்கத்தில், பெரிய அலை ஒன்று வரும். பகலில் பல நேரம் ரத்தத்தில் கிட்டத்தட்ட இல்லாத அளவுக்குக் குறைந்திருக்கும். அதனால் ஏதோ ஒரு நேரத்தில் ரத்தம் எடுத்து, 'உங்களுக்கு குரோத் ஹார்மோன் கம்மி சார்' என்று ஒருவர் சொன்னால் அந்த ரிப்போர்ட்டுக்கு அர்த்தமே கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

வயது ஏற ஏற இந்தச் சுரப்பு தானாகவே குறையும். அது நோய் இல்லை, வயசாவதின் ஒரு பகுதி. ஆனால் இந்தக் குறைவைத்தான் ஒரு வியாபாரமே பிடித்துக்கொண்டது.

21 பேரில் தொடங்கிய கதை

ஆரம்பத்தில் இந்த ஹார்மோனை இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்துதான் எடுத்தார்கள். 1958-ல் அமெரிக்க மருத்துவர் மாரிஸ் ரேபன், வளர்ச்சி குன்றிய சிறுவன் ஒருவனுக்கு இப்படி எடுத்த ஹார்மோனைக் கொடுத்து உயரம் கூடியதாகப் பதிவு செய்தார். கிடைப்பதே அரிது என்பதால் வளராத குழந்தைகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். 1985-ல் பெரிய அதிர்ச்சி. சின்ன வயதில் இந்த ஊசி போட்டுக்கொண்ட சிலர், மூளையை அரிக்கும் குருட்ஸ்ஃபெல்ட்-யாகோப் நோய் வந்து இறந்தது தெரியவந்தது. இறந்தவர்களின் சுரப்பி வழியாக அது பரவியிருந்தது. பிரான்சில் மட்டும் நூறுக்கும் மேற்பட்டவர்கள் இப்படி உயிரிழந்தார்கள். அந்த மருந்தை நிறுத்திய அதே 1985-ல், மரபணு தொழில்நுட்பத்தில் பாக்டீரியாவை வைத்துத் தயாரித்த ஹார்மோனுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகு தட்டுப்பாடு இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் தயாரிக்கலாம். தயாரித்ததை யாருக்கு விற்பது என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது.

பதில் 1990 ஜூலையில் கிடைத்தது. டேனியல் ரட்மன் என்ற மருத்துவர் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். 61 முதல் 81 வயது வரையிலான 21 ஆண்கள். அதில் 12 பேருக்கு ஆறு மாதம் ஹார்மோன் ஊசி, 9 பேருக்கு எதுவும் இல்லை. ஊசி போட்டவர்களுக்குக் கொழுப்பு 14.4 சதவீதம் குறைந்தது. கொழுப்பில்லாத எடை, அதாவது தசை போன்றவை, 8.8 சதவீதம் கூடியது.

இந்த இரண்டு எண்கள் உலகம் சுற்றின. முதுமைக்கு மருந்து கண்டுபிடித்தாச்சு என்கிற அளவுக்குப் பேச்சு. கிளினிக்குகள் முளைத்தன, மாத்திரை விற்பவர்கள் அந்த ஆய்வையே விளம்பரத்தில் போட்டார்கள். கடைசியில் 2003-ல், இந்த ஆய்வைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று அதே மருத்துவ இதழே எச்சரிக்கை எழுத வேண்டியதாயிற்று. 12 பேரை ஆறு மாதம் பார்த்ததை வைத்து ஒரு தொழிலே நடந்தால் வேறென்ன செய்வது!

எடை எவ்வளவு குறைஞ்சுது?

ஆரோக்கியமான முதியவர்களுக்கு இந்த ஊசி போட்டுப் பார்த்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து, 2007-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் அலசினார்கள். முடிவு இதுதான்: கொழுப்பு சராசரியாக 2.1 கிலோ குறைந்தது. கொழுப்பில்லாத எடை சராசரியாக 2.1 கிலோ கூடியது.

கழித்துப் பாருங்கள். பூஜ்யம்! எடை மெஷினில் ஏறி நின்றால் முள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

'எடை குறையலன்னா என்ன, கொழுப்பு போய் தசை வந்திருக்கே, நல்லதுதானே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கூடிய அந்த 2.1 கிலோ முழுவதும் தசை இல்லை. குரோத் ஹார்மோன் சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்து வைக்கும். உப்பு இருக்கும் இடத்தில் தண்ணீரும் தங்கும். ஸ்கேனில் தண்ணீரும் 'கொழுப்பில்லாத எடை' கணக்கில்தான் வரும். ஊசி போட்டவர்களுக்குக் காலும் கையும் வீங்குவது இதனால்தான். அதே குழுவினர் 2008-ல் விளையாட்டு வீரர்கள் பக்கம் திரும்பி, ஆரோக்கியமான இளைஞர்களிடம் நடந்த ஆய்வுகளைப் பார்த்தார்கள். அங்கேயும் கொழுப்பில்லாத எடை கூடியது. தூக்கும் பலம் கூடவில்லை. உடம்பு உப்பி கண்ணாடியில் 'பம்ப்' ஆனது போலத் தெரியும், பளு அதே பளுதான்.

உடல் பருமன் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகளிலும் கதை பெரிதாக மாறவில்லை. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றியிருக்கும் கொழுப்பு கொஞ்சம் குறைகிறது, எடை அப்படியே நிற்கிறது, சர்க்கரை ஏறுகிறது.

இதற்கு மருந்து அட்டையிலேயே சாட்சி இருக்கிறது. ஹெச்.ஐ.வி நோயாளிகளில் சிலருக்கு வயிற்றில் மட்டும் கொழுப்பு குவியும். அதைக் குறைக்க டெசாமோரெலின் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2010-ல் அனுமதி கொடுத்தது. உடம்பின் சொந்த குரோத் ஹார்மோனைத் தூண்டிவிடும் மருந்து அது. அதன் குறிப்பேட்டிலேயே எடைக் குறைப்புக்கு இது கிடையாது என்று எழுதியிருக்கிறது. இன்னொன்று கேளுங்கள். எய்ட்ஸ் நோயாளிகள் உடல் மெலிந்து உருகிப்போவதைத் தடுக்க, எடையைக் கூட்டுவதற்காக, 1996-ல் அங்கே அனுமதிக்கப்பட்ட மருந்து எது தெரியுமா? இதே குரோத் ஹார்மோன்தான்.

'குண்டா இருக்கிறவங்களுக்கு இந்த ஹார்மோன் கம்மியாமே?'

ஆமாம், கம்மிதான். ஆனால் எது காரணம், எது விளைவு என்பதில்தான் விளம்பரம் ஏமாற்றுகிறது. ஹார்மோன் குறைந்ததால் தொப்பை வரவில்லை. தொப்பை வந்ததால் ஹார்மோன் குறைந்தது. எடை குறைந்தால் சுரப்பு மறுபடி மேலே வந்துவிடும். அதனால்தான் உண்மையான குறைபாட்டைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையில்கூட, பருமனானவர்களுக்குத் தனி அளவுகோல் வைத்துத்தான் முடிவைப் பார்க்கிறார்கள். இல்லையென்றால் கொஞ்சம் குண்டாக இருக்கும் எல்லோருமே 'ஹார்மோன் குறைபாடு' உள்ளவர்கள் ஆகிவிடுவார்கள். சில இடங்களுக்கு வியாபாரமே அதுதான்.

போகிற போக்கில் இன்னொன்று: சாப்பிடாமல் இருந்தால் குரோத் ஹார்மோன் ஏறும், அதனால் விரதம் இருந்தால் கொழுப்பு உருகும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். ஏறுவது உண்மை. பட்டினி நேரத்தில் தசையைக் காப்பாற்ற உடம்பு செய்யும் ஏற்பாடு அது. விரதத்தில் எடை குறைந்தால் அதற்குக் காரணம் சாப்பாடு குறைந்தது, அவ்வளவுதான்.

நம்ம ஊருக்கு இதுல பெரிய ஆபத்து எது?

சர்க்கரை. சந்தேகமே வேண்டாம்.

குரோத் ஹார்மோன் கொழுப்பை உடைத்து ரத்தத்தில் விடுகிறது. ரத்தத்தில் கொழுப்பு அமிலம் நிறைய ஓடும்போது தசைகள் அதையே எரித்துக்கொண்டு சர்க்கரையை ஒதுக்கிவிடும். கல்லீரல் வேறு சர்க்கரையைக் கூடுதலாக வெளியே விடும். இன்சுலின் எவ்வளவு சொன்னாலும் செல்கள் கேட்காத நிலை. பிட்யூட்டரிக்கும் சர்க்கரைக்கும் இப்படி ஒரு தொடர்பு இருப்பதை அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஹூசே ரொம்ப முன்னாடியே காட்டிவிட்டார். அதற்குத்தான் 1947-ல் நோபல் பரிசு.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் பார்க்க எக்வடோர் நாட்டுக்குப் போக வேண்டும். அங்கே குரோத் ஹார்மோன் வேலையே செய்யாத 'லாரன் சிண்ட்ரோம்' என்ற பரம்பரைக் குறைபாட்டுடன் ஒரு சமூகமே இருக்கிறது. குள்ளமானவர்கள், பலர் நல்ல குண்டும்கூட. 22 வருடம் தொடர்ந்து கவனித்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த 99 பேரில் ஒருவருக்குக்கூட சர்க்கரை நோய் வரவில்லை. உடம்பில் கொழுப்பு இருந்தும் சர்க்கரை இல்லை! ஹார்மோன் இல்லாதபோது இப்படி என்றால், வெளியிலிருந்து அள்ளிப் போட்டால் என்ன ஆகும்? 2002-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 65 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு 26 வாரம் ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஊசி போட்டவர்களில் 18 பேருக்கு சர்க்கரை நோயோ அதன் முந்தைய நிலையோ வந்தது. போடாதவர்களில் 7 பேருக்கு.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு சர்க்கரை நோய், 13.6 கோடி பேருக்கு அதற்கு முந்தைய நிலை என்று சென்னையைச் சேர்ந்த ஆய்வு நிறுவனமும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் சொன்னது. தொப்பையோடு இருக்கும் நாற்பது வயதுக்காரர், அப்பா அம்மாவுக்கும் சர்க்கரை இருக்கிறது என்றால், கோட்டின் விளிம்பில் நிற்கிறார். அவரைத் தள்ளிவிட இந்த ஊசி போதும்.

மற்ற தொந்தரவுகளும் உண்டு. மூட்டு வலி, மணிக்கட்டில் நரம்பு அழுந்தி விரல் மரத்துப்போவது, ஆண்களுக்கு மார்பு பெருப்பது. அதிக அளவில் வருடக்கணக்கில் போட்டால் கை கால் தாடை பெருக்கும், இதயம் வீங்கும். ஏற்கெனவே புற்றுநோய் இருப்பவர்கள் இதைத் தொடவே கூடாது.

அப்போ யாருக்குத்தான் இந்த ஊசி?

நிஜமாகவே பிட்யூட்டரி வேலை செய்யாதவர்களுக்கு. அவர்களுக்கு இது வரப்பிரசாதம், அதில் சந்தேகமில்லை. பிட்யூட்டரியில் கட்டி, அதற்காகச் செய்த ஆபரேஷன், தலையில் கொடுத்த கதிர்வீச்சு, விபத்தில் பட்ட பலமான தலைக்காயம் ஆகியவை முக்கியமான காரணங்கள். வயிற்றில் கொழுப்பு சேரும், தசை மெலியும், எப்போதும் அசதி, எதிலும் பிடிப்பு இருக்காது. பெரியவர்களின் இந்தக் குறைபாட்டுக்கு 1996-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

நம் பக்கத்தில் கவனிக்க வேண்டிய காரணங்கள் இன்னும் இரண்டு இருக்கின்றன. ஒன்று, பிரசவத்தில் அதிக ரத்தம் போய் பிட்யூட்டரி செத்துப்போவது. ஷீஹான் சிண்ட்ரோம் என்பார்கள். குழந்தைக்குப் பால் சுரக்காது, மாதவிலக்கு திரும்பி வராது, அம்மா எப்போதும் சோர்ந்தே இருப்பார். 'பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே வருடங்கள் ஓடிவிடும். வேறு எதற்கோ டாக்டரிடம் போகும்போது தெரியவரும். இன்னொன்று கண்ணாடி விரியன் கடி. மியான்மர், இலங்கை, தென்னிந்தியாவில் இந்தப் பாம்பு கடித்துப் பிழைத்தவர்களில் சிலருக்கு, விஷம் ரத்தத்தை உறைய வைத்து பிட்யூட்டரியைப் பாழாக்கியிருப்பது பதிவாகியிருக்கிறது. வயலில் கடிபட்டு, உயிர் பிழைத்து, சில மாதமோ வருடமோ கழித்து ஒருவர் காரணமில்லாமல் தளர்ந்துபோனால், டாக்டரிடம் அந்தப் பழைய கடியை மறக்காமல் சொல்லுங்கள்.

இவர்களுக்கும் எடுத்த எடுப்பில் ஊசி கிடையாது. கார்டிசோல், தைராய்டு இரண்டையும் முதலில் சரி செய்வார்கள், உயிருக்கு அவைதான் அவசரம். பிறகு குரோத் ஹார்மோனைத் தூண்டிப் பார்க்கும் பரிசோதனை. மருந்து கொடுத்து, பல முறை ரத்தம் எடுத்து, சுரப்பு ஏறுகிறதா என்று பார்ப்பது. குறைபாடு உறுதியானால் தினம் 0.2 முதல் 0.4 மில்லிகிராம் என்று தொடங்கி, ஐ.ஜி.எஃப்-1 அளவைப் பார்த்து மெதுவாகக் கூட்டுவார்கள். வயதானவர்களுக்கு இன்னும் குறைவு. ஜிம் கணக்கில் சொன்னால், 0.4 மில்லிகிராம் என்பது சுமார் 1.2 யூனிட். ஜிம் வட்டாரத்தில் 4 யூனிட், 6 யூனிட் என்று சர்வசாதாரணமாகப் பேசுகிறார்களே, அது எந்த அளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி முறையாக எடுப்பவர்களுக்கும் எடை பெரிதாகக் குறைவதில்லை. வயிற்றுக் கொழுப்பு குறைந்து, தசை கூடி, தெம்பு வருகிறது. அதுதான் அவர்களுக்கு வேண்டியதும்.

மாத்திரை, ஸ்ப்ரே, 'பெப்டைடு'... இதெல்லாம்?

நாக்குக்கு அடியில் அடிக்கும் ஸ்ப்ரே, விழுங்கும் மாத்திரை என்று விற்பதில் உண்மையான ஹார்மோன் இருந்தாலும் பயனில்லை. அது புரதம். வயிற்றுக்குள் போனால் முட்டை, பருப்பு மாதிரி செரித்துவிடும்.

ஆன்லைனில் 'ஃபிராக்மென்ட் 176-191' என்று கொழுப்பு கரைக்கும் பெப்டைடு விற்கிறார்களே, அது குரோத் ஹார்மோனின் வால் துண்டு. அதன் சாயலில் ஏ.ஓ.டி-9604 என்ற மருந்தை ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று உடல் பருமனுக்காக வருடக்கணக்கில் ஆராய்ந்தது. எடை குறையவில்லை என்று 2007-ல் கைவிட்டுவிட்டது. தயாரித்தவர்களே மூட்டை கட்டியதைத்தான் இன்றைக்குப் புதிய கண்டுபிடிப்பு மாதிரி விற்கிறார்கள்.

எம்.கே-677 மாத்திரை இன்னும் சுவாரஸ்யம். இது ஹார்மோனைத் தூண்டும் என்பது உண்மை. கூடவே பசியையும் தூண்டும். 60 வயதைத் தாண்டிய 65 பேரிடம் நடந்து 2008-ல் வெளியான ஆய்வில், ஒரு வருடத்தில் மாத்திரை எடுத்தவர்களின் எடை 2.7 கிலோ கூடியது. வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கு 0.8 கிலோதான். தொப்பை குறைய வாங்கி, எடை ஏறி உட்கார்ந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

சட்டமும் உண்டு. உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் குரோத் ஹார்மோன் இருக்கிறது. மாவட்ட, மாநிலப் போட்டிகளுக்குத் தயாராகும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் அனுமதிக்கப்படாத உபயோகத்துக்கு இதை விற்றால் ஐந்து வருடம் வரை சிறை. ஹாலிவுட் நடிகர் சில்வெஸ்டர் ஸ்டலோன் 2007-ல் சிட்னி விமான நிலையத்தில் 48 குப்பி குரோத் ஹார்மோனுடன் சிக்கி, குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார்.

இப்போ பிரபலமா இருக்கிற எடை குறைப்பு ஊசியும் இதுவும் ஒண்ணா?

இல்லவே இல்லை. இரண்டும் ஊசி என்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2025-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மவுன்ஜாரோ, வீகோவி போன்றவை குடல் ஹார்மோன் வகை. பசியைக் குறைத்து, சாப்பாட்டைக் குறைக்க வைப்பவை. வீகோவியில் உள்ள செமாகுளுடைடு மருந்தின் முக்கிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தது. சர்க்கரையும் இறங்கும். குரோத் ஹார்மோன் சர்க்கரையை ஏற்றுவது. அவற்றுக்கும் பக்கவிளைவு உண்டு, அவற்றையும் டாக்டர் சொல்லித்தான் போட வேண்டும் என்பது வேறு கதை. ஆனால் 'எடை குறைக்கிற ஹார்மோன் ஊசி' என்று யாராவது கையில் கொடுத்தால், முதல் வேலையாகப் பெட்டியில் மருந்தின் பெயரைப் படியுங்கள். சொமாட்ரோபின் என்று இருந்தால் அது குரோத் ஹார்மோன்.

ஏற்கெனவே போட்டுக்கிட்டு இருக்கேனே, என்ன செய்யலாம்?

பயந்து மறைக்க வேண்டாம். ஜிம் பயிற்சியாளரிடம் கேட்பதை விட்டுவிட்டு, எண்டோகிரைனாலஜிஸ்ட் என்னும் ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள். எத்தனை யூனிட், எத்தனை மாதம், கூட வேறு என்ன ஊசி என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை, மூன்று மாத சராசரியான ஹெச்.பி.ஏ1சி, ஐ.ஜி.எஃப்-1, ரத்த அழுத்தம் ஆகியவற்றை முதலில் பார்ப்பார்கள். மோதிரம் இறுகிவிட்டதா, செருப்பு அளவு மாறியதா, காலையில் விரல் மரத்துப்போகிறதா, தூக்கத்தில் குறட்டை கூடியதா? இதில் எதற்காவது ஆமாம் என்று பதில் வந்தால் அடுத்த ஊசிக்கு முன்பே போய்விடுங்கள்.

பிட்யூட்டரி குறைபாட்டுக்காக டாக்டர் எழுதிக்கொடுத்து எடுப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. மருந்தை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள், ஃபிரீஸரில் வைக்காதீர்கள். சர்க்கரையையும் ஐ.ஜி.எஃப்-1 அளவையும் டாக்டர் சொன்ன இடைவெளியில் பார்த்துக்கொள்ளுங்கள்.